ஒரு வருஷம் போனால் மறந்துவிடுவார்களா?



இந்த மாதம் ஒரு இந்தி சினிமாவைப் பற்றி எழுதப்போகிறேன். "என்னங்க பாஸ்டர், எழுப்புதல் மடலில் சினிமாவா?" என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். போய்ப் பாருங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நம் சபையில் அறுபதைத் தாண்டின அநேகர், இரட்சிக்கப்படுகிறதற்கு முன்னே, தியேட்டரிலும் வாடகை டெக்கிலும் அதைப் பார்த்து அழுதவர்கள்தான். புதுக்கோட்டைக்கு இதெல்லாம் புதுசா? காதல் மன்னன் என்று பேர் வாங்கின ஜெமினி கணேசன் 1920-ல் பிறந்தது இந்த ஊரில்தானே!

படத்தின் பேர் 'ஏக் தூஜே கே லியே'. 1981-ல் வந்தது. எடுத்தவர் நம்ம கே. பாலசந்தர். 1978-ல் 'மரோ சரித்ரா' என்று தெலுங்கில் எடுத்த கதையையே இந்தியில் மறுபடி எடுத்தார். அந்தத் தெலுங்குப் படம் தெலுங்கிலேயே சென்னையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பாஷை புரியாத ஜனங்கள் எதற்காக அப்படி அழுதார்கள்?

கோவாவில் பக்கத்துப் பக்கத்து வீடு. வாசு தமிழ்ப் பையன், சப்னா வடநாட்டுப் பெண். அவனுக்கு இந்தி சரியாக வராது, அவளுக்குத் தமிழ் வராது. இரண்டு வீட்டாரும் ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: ஒரு வருஷம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கடிதமும் கூடாது, அதற்குப் பிறகும் மனசு மாறாவிட்டால் கல்யாணம். கடைசியில், சேரப்போகிற நேரத்தில் இரண்டு பேரும் சாகிறார்கள். அதைப் பார்த்துக் காதலர்கள் சிலர் அப்படியே உயிரை விட்டதாக அந்நாட்களில் செய்தி வந்தது. எவ்வளவு துக்கம்!

என்னைக் கேட்டால், ஜனங்களை உருக்கினது அந்த ஒரு வருஷம்தான். பிள்ளைகள் வாக்கு மாறாமல் காத்திருக்கிறார்கள். பெரியவர்களோ மறந்துபோகும் என்று காத்திருக்கிறார்கள். இருட்டிலே உட்கார்ந்து வாசுவுக்காக அழுதவர்கள் வெளிச்சத்துக்கு வந்தவுடன் என்ன கேட்டார்கள்? "அவங்க என்ன ஆளுங்க?"

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சிலருக்குப் புரிந்திருக்கும். நம் சபையிலே இரண்டு வாலிபப் பிள்ளைகள். பேர் எழுதமாட்டேன். இருவரும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள். முறையாக என்னிடத்தில் வந்து சொன்னார்கள். ஓடிப்போகவில்லை. ஆனாலும் இரண்டு வீட்டிலும், "ஒரு வருஷம் பேசாம இருக்கட்டும் பாஸ்டர், தானா மறந்துடும்" என்றார்கள். சினிமாவில் வந்த அதே வார்த்தை!

யாக்கோபும் ராகேலுக்காக ஏழு வருஷம் காத்திருந்தான். ஆதியாகமம் 29-ஐ வாசித்துப் பாருங்கள், அத்தனை வருஷமும் அவனுக்குக் கொஞ்ச நாளாய்த் தோன்றிற்று. முடிவிலே அவள் கிடைப்பாள் என்ற நம்பிக்கை இருந்ததால் அல்லவா? நம்பிக்கையைக் கொடுத்து, உள்ளுக்குள்ளே வேறே வரன் தேடுகிற காத்திருப்பு லாபானுடைய வேலை. ரெபெக்காளின் வீட்டாரோ பெண்ணையே கூப்பிட்டு, போகச் சம்மதமா என்று கேட்டார்கள். நம்மில் எத்தனை தகப்பன்மார் அப்படிக் கேட்டிருக்கிறோம்? மோசே எத்தியோப்பிய ஸ்திரீயைக் கட்டினதற்காகக் குறைபேசின மிரியாமுக்குக் குஷ்டம் வந்தது. மோசேக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணாகமம் 12, மறந்துபோகாதிருங்கள்.

வாலிபத் தம்பி, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணுக்குப் பிடித்தது என்று சிம்சோன் திம்னாத்துக்குப் போனதைப்போல அவசரப்படாதிருங்கள். சாவதுதான் அன்புக்கு அடையாளம் என்று சினிமா காட்டினால் நம்பாதிருங்கள். நமக்காக ஒருவர் ஏற்கெனவே மரித்தாயிற்று, நீங்கள் பிழைத்திருக்கவேண்டும். மனசு தாங்கவில்லை என்றால் நடுராத்திரியானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் அரசாங்கத்தின் 104 எண்ணுக்குப் போன் போடுங்கள், பேசுவதற்கு ஆள் உண்டு.

அந்த இரண்டு வீட்டாருக்கும்: நீங்கள் கேட்ட வருஷம் வருகிற தை மாதத்தோடு முடிகிறது. பிள்ளைகள் வாக்கு மீறவில்லை, நான் சாட்சி. தை முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு குடும்பமும் பாஸ்டர் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு நம்ம வீட்டிலேதான், அம்மா சமைத்து வைப்பார்கள். ஜெபித்துவிட்டு, முதலில் அந்தத் தங்கச்சியைப் பேசவிடுவோம்.