அப்பா என்ன பண்றார்?

தகுதி, தகுதி என்று வாய் ஓயாமல் பேசுகிற இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம். எழுத்துத் தேர்விலும் புரோகிராம் எழுதும் சுற்றிலும் தேறிவிட்டேன். கடைசியாக மனிதவள அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்பா என்ன பண்றார்?"

"விவசாயம் சார்."

அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் அண்டை வெட்டுவார். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போவார். நான் சொன்னது பொய்யா? மண்ணில் பாடுபடுகிறவனை விவசாயி என்றால் பொய்யாகாது. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. ஒளிஞ்சிக்கச் சொன்னேன்.

புரோகிராமில் தப்பிருந்தால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும். அதுக்கு அப்பன் தொழில் எதுக்கு? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய கம்பெனிகளில் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசி 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தகுதிதான் அளவுகோல், இடஒதுக்கீடு ஆகாது என்ற அதிகாரிகளே குடும்பப் பின்னணியையும் பார்ப்போம் என்றார்கள். சாதியைக் கேட்க வேண்டியதில்லை. தொழிலைக் கேட்டால் போதும், சேரி தெரிந்துவிடும்.

வேலை கிடைச்சிது. "என்னடா கேட்டாங்க?" என்றார் அப்பா.

"கணக்குதாம்பா" என்றேன்.

முதல் பொய்க்குக் கேட்டவர்கள்தான் பதில் சொல்லணும். அந்தப் பயத்தை வைத்தவர்கள் அவர்கள். இரண்டாவது பொய் என்னுடையது. நம் உழைப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மேடையேறிப் பேசிய வாய் இது. அப்பா முன்னால் அடைத்துக்கொண்டது. அந்தக் கணக்கை நான்தான் தீர்க்கணும்.