இல்லம் என்பது எது?

உத்ஸவத்துக்கு வந்து மண்டபத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்து உறங்கும் யாத்திரிகருக்கு அத்தூணடியே சில நாள் இல்லமாகிறது. உழவனுக்கோ பாட்டன் வெட்டிய கிணறும் வரப்பில் நிற்கும் வேம்பும் சேர்ந்தால்தான் வீடு; கூரை பின்னரே. ஆநிரை மேய்ப்பவனுக்குப் புல் உள்ள இடம் எதுவோ அதுவே ஊர். பிழைப்பு எவ்வாறோ, இல்லத்தைப் பற்றிய எண்ணமும் அவ்வாறே அமைகிறது.

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் ஆயர்கள் கோகுலத்தைவிட்டுப் பெயர்ந்த வரலாறு வருகிறது. பூதனை வந்தாள், சகடம் கவிழ்ந்தது, மருத மரங்கள் வீழ்ந்தன. குழந்தைக்கு இனியும் தீங்கு நேரலாகாதென்று அஞ்சிக் கூடிய சபையில், பிருந்தாவனத்துக்குப் போய்விடலாம் என்று எடுத்துரைத்தவர் உபநந்தர். அறிவாலும் வயதாலும் மூத்தவர் அவர். அனைவரும் ஒருமனதாய் இசைந்தனர். முதியோர், பெண்டிர், சிறுவர், தட்டுமுட்டுச் சாமான்கள் யாவற்றையும் வண்டிகளில் ஏற்றிப் பசுக்களை முன்னே விட்டுப் புறப்பட்டனர். சேர்ந்த இடத்தில் வண்டிகளைப் பாதிச் சந்திரன் வடிவில் நிறுத்தினர். அதுவே ஊராயிற்று!

உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராய் மாற்றலாகிச் செல்வோரும் ஒருவகையில் ஆயர்களே. மனைவி மக்களும் சில பெட்டிகளும் சேர்ந்த இடம் அவர்களுக்கு வீடு. அதில் குற்றமில்லை. அப்படிப்பட்ட மகன் ஒருவன், ஐம்பது ஆண்டு ஒரே திண்ணையில் வாழ்ந்த தாயை நகரத்து அடுக்குமாடிக்கு அழைத்து வருகிறான். தனி அறை, குழாயில் நீர், கூப்பிடு தூரத்தில் வைத்தியர், எல்லாம் தருகிறான். ஒரு மாதம் சென்று அவள், “வீட்டுக்கு எப்போதப்பா போவோம்?” என்கிறாள். அவன் மனம் புண்படுகிறது. அவள் குறை கூறினாள் அல்லள். விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, துளசி மாடத்தை வலம் வந்து, தெருவோடு போவோரை நலம் விசாரித்தாளே, அதுதான் அவளுக்கு வீடு. மூன்றாம் மாடியில் தெரு ஏது?

ஆயர்களும் முதியோரை வண்டியில் ஏற்றினார்கள், மகனும் ஏற்றினான். ஆனால் அங்கே புறப்படலாம் என்று சொன்னவரே முதியவர். இங்கோ, பழைய வீட்டுக்கு முன்பணம் வாங்கிய பிறகே பல தாய்மார் செவிக்குச் செய்தி எட்டுகிறது. தள்ளாத வயதில் தனியே விடலாகாது என்பது மெய்யே. முன்னமே கேட்டிருந்தால் அவளும் இசைந்திருக்கக் கூடும். வண்டியில் எதை முதலில் ஏற்றுவது, பெருமாள் பெட்டியையா, துளசித் தொட்டியையா என்பதையும் அவளே சொல்லியிருப்பாள்.