யாருடைய நேரத்தில் கற்பது?

போன வருடம் ஒரு கட்டாய இணையவழிப் பயிற்சியைச் சமையலறையில் முடித்தேன். கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். காணொளி ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் விசிலை எண்ண வேண்டியிருந்ததால் ஒலியை நிறுத்தியிருந்தேன். அவ்வப்போது திரை, ‘தொடர்கிறீர்களா?’ என்று கேட்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ‘ஆம்’ என்பதைத் தொடுவேன். கடைசியில் வந்த கேள்விகளுக்கு, சக ஆசிரியை ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த விடைகளைப் பார்த்துக் குறித்தேன். சான்றிதழ் வந்துவிட்டது.

அதே வாரத்தில் முதுகலை மாணவி ஒருத்தி தந்த ஒப்படைப்பு, இன்னொருத்தியுடையதன் நகல் என்பதைக் கண்டுபிடித்தேன். எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. அவளை அழைத்து, “யாரை ஏமாத்துற நீ?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கும் உரியது என்று உறைத்தது. நான் யாரை ஏமாற்றினேன்?

இணையவழிக் கல்வியைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதற்கு முன்பிருந்ததை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற அறிமுகப் பயிற்சிக்கு நான்கு வாரமும் புத்தொளிப் பயிற்சிக்கு மூன்று வாரமும் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் வர வேண்டியிருந்தது. ஆண் ஆசிரியர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எங்களுக்கோ பால் மறக்காத குழந்தை, படுக்கையில் கிடக்கும் மாமனார், ‘மூணு வாரமா?’ என்ற கேள்வி. நான் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். என் பதவி உயர்வும் அதனோடு தள்ளிப்போனது. 2017-இல் ‘ஸ்வயம்’ தளம் வந்தது. 2018-இல் அதன் வழியாக நாற்பது மணி நேர இணையப் படிப்பு ஒன்றைப் புத்தொளிப் பயிற்சிக்கு இணையாக ஏற்றார்கள். வீட்டை விட்டுக் கிளம்ப முடியாத பெண்களுக்கு அது ஒரு வழியைத் திறந்தது. இதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மூன்றாவது முறை நான் நேரில் போய்ப் பயிற்சி பெற்றிருக்கிறேன். அந்த மூன்று வாரமும் நான் அடுப்பைத் தொடவில்லை. விடுதி அறையில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படித்தேன். திருமணத்துக்குப் பிறகு அப்படிப் படித்தது அதுவே முதல் முறை. இரவில் எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பகலில் கேட்டதை மறுத்தும் ஒப்புக்கொண்டும் பேசினோம். அந்த மூன்று வாரத்தைக் கல்லூரி தன் கணக்கிலிருந்து எனக்குக் கொடுத்தது. இணையவழிப் பயிற்சிக்கோ கல்லூரி ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

‘எங்கிருந்தும் கற்கலாம், எப்போது வேண்டுமானாலும் கற்கலாம்’ என்கிறார்கள். பெண்ணுக்கு எங்கிருந்தும் என்றால் வீட்டிலிருந்து. எப்போது வேண்டுமானாலும் என்றால் எல்லோரும் தூங்கிய பிறகு. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். பயிற்சியின் நேரம் இந்த இடைவெளிக்குள்தான் வந்து விழுகிறது.

வகுப்பில் நன்னூல் நடத்தும்போது மாணாக்கர் வகைகளுக்கு வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பவணந்தியார் முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொல்கிறார். கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஆடும் எருமையும் உண்டு. பசு புல் நிறைந்த இடத்தில் வயிறாற மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் படுத்து அசைபோடும். ஆடு ஒரு செடியிலும் நிறைய மேயாமல் இங்கொரு வாய், அங்கொரு வாய் என்று கடித்துக்கொண்டே போகும். இருபது வருடமாக இதை மாணாக்கரின் குணமாகவே விளக்கிவந்தேன். மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்ந்திருந்த திரையின் முன்னால் நின்றபோது நானே அந்த ஆடு. அது என் குணமா? அசைபோடப் படுக்க இடமும் பொழுதும் கிடைத்த மொட்டை மாடியில் நான் பசுவாகத்தானே இருந்தேன்?

பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் 1942-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனத்தைப் பழக்குவதுதான் என்றார். அவர் ஆசிரியர். 1934 இறுதியில் பணிக்கு விடுப்பெடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளில் கூலி வேலைக்குப் போனவர். களைப்பும் வேகமும் சேர்ந்து நெருக்கும்போது சிந்திப்பதையே நிறுத்திவிடத் தோன்றும் என்பதை அங்கே உடம்பால் அறிந்தார். கவனத்தை உயர்ந்த ஒழுக்கமாகக் கண்டவருக்கே, அது மன உறுதியால் மட்டும் வந்துவிடாது என்றும் தெரிந்திருந்தது.

எனக்காவது சான்றிதழால் பலன் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் பகல் முழுக்க நிற்கிறாள். கடை அனுப்பும் பயிற்சிக் காணொளிகளை இரவு வீடு திரும்பும் பேருந்தில், தன் பணத்தில் போட்ட டேட்டாவில் பார்க்கிறாள். அவற்றில் ஒன்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றியது. “எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் போட்டேன் மேடம். மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும்” என்றாள். “உங்க கடையில அந்தக் குழுவுல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு குழு இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது. குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும், பணியாளர்களுக்குப் பயிலரங்குகள் நடத்த வேண்டும் என்பதையும் முதலாளியின் கடமையாக்குகிறது. இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது. சட்டம் வர இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. இவ்வளவும் கடந்து வந்த ஒன்று, பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கைபேசியில் சரியான விடையாக முடிந்துபோகிறது. கடைக்கோ பயிற்சி அளித்ததற்குச் சான்று கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் யாரை ஏமாற்றினேன்? திரையிடம் ‘ஆம்’ என்று பொய் சொன்னேன். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நேரம் தராமல் கவனத்தைக் கேட்பதும், கவனத்துக்குப் பதில் சான்றிதழை வாங்கிக்கொண்டு திருப்தியடைவதும் அந்தப் பொய்யில் சரிபாதி. அந்த ஏற்பாட்டில் ஏமாந்தவர் யாரும் இல்லை; எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இழப்பு மட்டும் கற்க வேண்டியவளுக்கு. கட்டாயம் என்று சொல்லும் பயிற்சி வேலையின் ஒரு பகுதி. வேலையின் ஒரு பகுதி என்றால் அது வேலை நேரத்தில் நடக்க வேண்டும். இணையத்தில் நடந்தாலும் சரி, சேர்ந்து உட்கார்ந்து கேட்கவும் பேசவும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

அந்த முதுகலை மாணவியைத் திரும்பவும் அழைத்தேன். நகலுக்கு மதிப்பெண் தரவில்லை. எப்போது எழுதுகிறாய் என்று மட்டும் கேட்டேன். மாலையிலிருந்து இரவு ஒன்பதரை வரை மருந்துக்கடையில் நிற்கிறாளாம். துறை நூலகத்தில் ஒரு மேசையையும் ஒரு வாரத்தையும் கொடுத்தேன். முன்பே கேட்டிருக்கலாம்.

பயிற்சிகளுக்குக் கால அட்டவணையில் இடம் ஒதுக்கக் கேட்டு, துறைப் பெண் ஆசிரியர்கள் நால்வர் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அடுத்த பயிற்சிக்கான இணைப்பு நேற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம்.