பாட்டு டீச்சருக்குத் தருவது கூலியா, தட்சிணையா?

விஜயதசமி அன்று குழந்தையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கிறீர்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், அதன்மேல் தட்சிணை. டீச்சரை நமஸ்கரித்து, பாடமும் தொடங்கியாயிற்று. அடுத்த மாதம் முதல் தேதி, ஒரு கவரில் ஃபீஸ் வைத்துக் கொடுக்கிறீர்கள். தட்டில் வைத்ததும் கவரில் வைத்ததும் ஒன்றா? வித்தைக்கு விலை உண்டா?

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களை வகுத்துத் தந்தவராகப் போற்றப்படும் புரந்தரதாசர் (1484 - 1564), பெரும் செல்வத்தைத் துறந்து வீதியில் பாடி வந்தவர் என்கிறது அவரது சரிதம். தியாகராஜ சுவாமிகள் (1767 - 1847) திருவையாற்றில் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தபடியே சீடர்களுக்குக் கற்பித்தார். அப்படியானால், ஃபீஸ் வாங்குவது தவறா?

அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். குருகுலத்தில் சீடன் குருவின் வீட்டிலேயே தங்கிப் பணிவிடை செய்தான். அவன் உழைப்பே தட்சிணை. உஞ்சவிருத்திக்கு வந்தவரின் சொம்பில் அரிசி இட்ட ஊரும் தன் பங்கைச் செலுத்தியது. இன்று நம் குழந்தை வாரத்தில் இரண்டு நாள் போய் வருகிறது. டீச்சரும் வாடகை கொடுக்க வேண்டும். காய்கறி வாங்க வேண்டும். பணிவிடையும் செய்யாமல், பணமும் தராமல் வித்தையை மட்டும் கேட்பது எப்படி தர்மமாகும்?

ஆனால், அந்தப் பணம் எதற்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது டீச்சரின் நேரத்துக்கு, பாட்டுக்கு அல்ல! இதை மறக்கும்போதுதான், ‘ஆறு மாசமாச்சு, இன்னும் சரளி வரிசையா? கொலுவில் பாட ஒரு கீர்த்தனை சொல்லிக் கொடுங்களேன்’ என்று கேட்கத் தோன்றுகிறது.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரம், பிறகே மலஹரியில் பிள்ளையார் கீதம் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு. அந்த ராகத்தில் கீழ்ப் பாதி ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரமே மேல் பாதியிலும் இருக்கிறது. கீழே பழகியது மேலே கைகொடுக்கும். மலஹரியும் அதிலிருந்து பிறந்த ராகம்தான். ஆகவே, முதல் கீதத்துக்கு வேண்டிய ஸ்வரங்கள் தொண்டைக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். படியைத் தாண்டிக் குதித்தால் பாட்டு வரலாம், சுருதி வராது.

டீச்சருக்கும் தர்மம் உண்டு. பெற்றோர் மகிழ்வதற்காக, சுருதி சேராத குரலைப் ‘பிரமாதம்’ என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தள்ளினால், அவர் வாங்கியது வெறும் கூலிதான். வரும்படிக்காக, தேறிய குழந்தையை அதே வரிசையில் நிறுத்தி வைத்தாலும் அப்படியே. மாறாக, ஸ்வரம் நிலைத்து நிற்கும்வரை, ‘இன்னொரு முறை’ என்று தானும் சேர்ந்து பாடுகிறாரே... பத்து முறை பாடியும் சலிக்காமல் பாடும் அந்தப் பதினோராவது முறைக்கு எந்தக் கவரிலும் விலை இல்லை.

எனவே, ஃபீஸைப் பேரம் பேசாமல், தேதி தவறாமல் கொடுத்துவிடுங்கள், அது கடன். விலையில்லாத அந்தப் பகுதிக்கு என்ன தருவது? காலையில் விளக்கேற்றியதும் சுருதிப் பெட்டியைப் போட்டு, குழந்தையைக் கால் மணி நேரம் சாதகம் செய்யச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் அமருங்கள். அடுத்த வகுப்பில் பாடம் பிசகாமல் வந்தால், டீச்சரின் மனம் குளிரும். அதுதான் உண்மையான தட்சிணை!