சஷ்டி விரதமும் 16:8-ம்: ரெண்டு கணக்கு, ரெண்டு நோட்டு

ஓம் சரவணபவ!



தீபாவளி முடிஞ்சு கந்த சஷ்டிக்கு காப்பு கட்டற நேரம் நெருங்கினா, தம்பி தங்கச்சிங்க கிட்ட இருந்து எனக்கு ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வருது. "அண்ணா, நான் கீட்டோல இருக்கேன். கூடவே 16:8 ஃபாஸ்டிங்கும் பண்றேன். சஷ்டி ஆறு நாளும் அதையே விரதமா வெச்சுக்கலாமா? புண்ணியமும் ஆச்சு, எடையும் குறையும்."

சில பெரியவங்க இதைக் கேட்டா கோவிச்சுக்குவாங்க. எனக்குக் கோவம் வரல. உடம்பைப் பார்த்துக்கணும்னு நினைக்கிற பிள்ளை, அதே நேரத்துல முருகனையும் விட மனசில்லாம கேக்குது. நல்ல கேள்விதான். ஆனா "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா"ன்னு சட்டுனு பதில் சொல்லிட முடியாது. கொஞ்சம் நிதானமா யோசிப்போம்.

முதல்ல டயட் பக்கம். 16:8-ன்னா ஒரு நாள்ல 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாட்டை முடிச்சுட்டு மீதி 16 மணி நேரம் வயித்தைக் காலியா விடறது. 5:2-ன்னா வாரத்துல அஞ்சு நாள் வழக்கமான சாப்பாடு, ரெண்டு நாள் மட்டும் சுமார் 500, 600 கலோரி. இதை 2012-ல பிபிசி ஆவணப்படம் மூலமா பிரபலப்படுத்தினவர் மைக்கேல் மோஸ்லி. ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடறது இன்னொரு முறை. நம்ம பாட்டிமார் அதை "ஒருபொழுது"ன்னு சொல்லுவாங்க.

கீட்டோ கதை வேற. 1921-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்காரங்களுக்காக முன்வெச்ச உணவுமுறை அது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20-ல இருந்து 50 கிராமுக்குள்ள சுருக்கி, கொழுப்பை எரிபொருளாக்கறது. எடை குறைக்கிற வழியா அது ஊரெல்லாம் பரவினது ரொம்பப் பின்னாடி.

இதுல எதை எடுத்தா சீக்கிரம் குறையும்? 2022-ல சீனாவுல குவாங்சோ நகரத்துல 139 பேரை வெச்சு ஒரு வருஷம் நடந்த ஆய்வு இருக்கு. ரெண்டு குழுவுக்கும் ஒரே கலோரி அளவு. ஒரு குழு மட்டும் காலை 8 மணியில இருந்து சாயங்காலம் 4 மணிக்குள்ள சாப்பிடணும். வருஷக் கடைசியில ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சது, ஆனா பெரிய வித்தியாசம் இல்லை. கடிகாரத்துல மந்திரம் எதுவும் இல்ல. மொத்தத்துல கம்மியா சாப்பிட ஒரு ஒழுங்கு கிடைக்குது, அவ்வளவுதான்.

"விரதத்துக்கு நோபல் பரிசு கிடைச்சிருக்கு"ன்னு ஒரு செய்தி நம்ம குரூப்ல அடிக்கடி சுத்துதே, அதையும் சொல்லிடறேன். 2016-ல ஜப்பானோட யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைச்சது உண்மை. அவர் ஆராய்ஞ்சது, செல் தன் பழைய பாகங்களைத் தானே உடைச்சு மறுபடி பயன்படுத்தற முறையை. அந்த ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கிட்டது ஈஸ்ட்டை. நம்ம சஷ்டிக்கு யாரும் நோபல் கொடுக்கல. கொடுக்கவும் தேவையில்ல.

இப்போ விரதத்துப் பக்கம் வருவோம். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில தொடங்கி ஆறாம் நாள் சூரசம்ஹாரம் வரைக்கும். ஒருத்தர் ஒருபொழுது இருப்பாங்க, ஒருத்தர் பாலும் பழமும், ஒருத்தர் இளநீர் மட்டும், ரொம்பக் கடுமையா இருக்கறவங்க எண்ணி மிளகு. இதுல பால் பழ விரதத்தைப் பாருங்க. நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுல சுமார் 25 கிராம் மாவுச்சத்து. ரெண்டு பழம், ரெண்டு டம்ளர் பால் எடுத்தாலே கீட்டோவோட 50 கிராம் எல்லை தாண்டிடும். பழனி பஞ்சாமிர்தத்தைக் கேக்கவே வேணாம்: மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, தேன், பேரீச்சம்பழம். ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு மலையேறின சாமிகிட்ட போய் "பழத்துல கார்ப் ஜாஸ்தி முருகா"ன்னு சொன்னா அவர் சிரிச்சுக்குவார்!

ஆக, சாப்பாட்டு அளவிலேயே ரெண்டும் ஒத்துப்போகல. ஆனா உண்மையான சிக்கல் அதைவிட ஆழமா இருக்கு.

ஒரு தம்பி என்னை மடக்கினான். "அண்ணா, எல்லாரும் ஏதாவது வேண்டித்தானே விரதம் இருக்காங்க? சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்ங்கறதை சஷ்டியில் இருந்தால் கருப்பையில் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. பிள்ளை வரம் கேக்கலாம், வேலை கேக்கலாம், பத்து கிலோ குறையணும்னு மட்டும் கேக்கக் கூடாதா?"

அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. தாராளமா கேக்கலாம். நம்ம அப்பன்கிட்ட எதைக் கேக்கவும் வெக்கப்பட வேண்டியதில்ல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்கற அம்மாவுக்குப் பட்டினி ஒரு காணிக்கை. பட்டினியே பிள்ளையைக் கொடுத்துடும்னு அவங்க நினைக்கறதில்ல. கொடுக்கறது முருகன். அதனால ஒருவேளை கூடுதலா பட்டினி கிடந்தா ஒரு மடங்கு கூடுதலா பலன் வரும்னு கணக்குப் போட இடமே இல்ல. எடை குறைக்கறவங்களுக்குப் பட்டினியே கருவி. இன்னும் கொஞ்சம் பட்டினி, இன்னும் கொஞ்சம் பலன். அந்தக் கருவிக்கு மேல விரதம்னு பேர் ஒட்டிட்டா, அளவு மீறினதுகூட அதிக பக்தியாத் தெரிய ஆரம்பிச்சுடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி, ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பொண்ணு. முதல்ல செவ்வாய்க்கிழமை விரதம். அப்புறம் கிருத்திகை, ரெண்டு சஷ்டி, வெள்ளிக்கிழமை. கொஞ்ச நாள்ல வாரத்துல சாப்பிடற நாளை விரல் விட்டு எண்ணிடலாம்னு ஆச்சு. "ஏம்மா இப்படி?"ன்னு யாராவது கேட்டா, "விரதம்"னு சொல்லும். அதுக்கு மேல யாரால பேச முடியும்? கேட்டவங்களே கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. கடைசியில முடி கொட்டி, மாதவிடாய் நின்னு, டாக்டர்கிட்ட போனப்போதான் அது சாப்பாட்டைப் பார்த்தே பயப்படற நோய்னு வீட்டுக்குத் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு பொய் சொல்லல. தன்னோட பயத்தையே பக்தின்னு நம்பிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொண்ணு எங்க அத்தை. சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க. அஞ்சாம் நாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டிச்சு. சர்க்கரைத் தண்ணி கொடுத்தா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க, "சாமி குத்தம் ஆயிடும்"னு. எங்க பாட்டிதான் அதட்டினாங்க: "பெத்த பிள்ளை மயங்கி விழறதைப் பார்த்துக்கிட்டு இருக்கற அப்பனாடி அவன்? குடி முதல்ல." குடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சாங்க. மறுநாள் சூரசம்ஹாரமும் பார்த்தாங்க.

இந்த ரெண்டு பேரையும் பார்த்ததுல எனக்குப் புரிஞ்சது இதுதான். டயட்டுங்கறது எப்பவும் கேள்வி கேக்கக்கூடிய நிலையில இருக்கணும். தலை சுத்துதா, நிறுத்து. ரிப்போர்ட் சரியில்லையா, மாத்து. டாக்டர் வேணாம்னாரா, விடு. அதுல மானப்பிரச்சினை எதுவும் இல்ல. முருகன் பேரை அதுமேல எழுதிட்டோம்னா நிறுத்தறது துரோகம் மாதிரி ஆயிடும். நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்த முடியாத டயட் ஆபத்து.

மறுபக்கமும் இருக்கு. விரதத்தைத் தராசுல நிறுத்தினா விரதம் கெட்டுடும். ஆறு நாள் முடிச்சு ஏழாம் நாள் திருக்கல்யாணத்தன்னிக்கு எடை மெஷின்ல ஏறி நின்னா, மனசு சாமிகிட்ட இருக்குமா, முள்ளுகிட்ட இருக்குமா? ரெண்டு கிலோ குறைஞ்சிருந்தா சந்தோஷம். குறையலன்னா முருகன் மேலயே வருத்தம். அந்த ரெண்டு கிலோவுலயும் பெரும்பகுதி தண்ணிதான். உடம்புல சேர்த்து வெச்ச ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். முதல் சில நாள்ல கரையறது அது. பொங்கலும் வடையும் சாப்பிட்டதும் திரும்பி வந்துடும். திரும்பி வர்ற தண்ணியை வெச்சா சாமியோட அருளை அளக்கறது?

அதனால என் பதில்: ரெண்டையும் பண்ணுங்க, ஆனா ரெண்டு நோட்டுல கணக்கு எழுதுங்க.

டயட் நோட்டு வருஷம் முழுக்க ஓடட்டும். புதுசா தொடங்கறவங்க எடுத்தவுடனே 16 மணி நேரத்துல குதிக்க வேணாம். ராத்திரி எட்டு மணிக்கு முடிச்சு காலையில எட்டு மணிக்குச் சாப்பிட்டாலே 12 மணி நேரம் ஆச்சு. அது பழகினதும் 14-க்குப் போகலாம். உங்களுக்குன்னு தனிச் சமையல் கேக்கற முறையா இருந்தா, அடுப்படியில நிக்கறது யாருன்னு பாருங்க. அம்மா வீட்டுக்கு சாம்பார் வெச்சு, உங்களுக்குப் பனீர் வறுத்து, காலிஃப்ளவரைத் துருவிக்கிட்டு இருந்தா, உங்க கட்டுப்பாட்டுக்கு விலை கொடுக்கறது அவங்க. அந்தத் துருவலை நீங்க துருவுங்க.

18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க, கர்ப்பிணிகள், பால் கொடுக்கற தாய்மார்கள், சாப்பாட்டோட ஏற்கனவே போராடினவங்க இந்தப் பக்கமே வர வேணாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடங்கவே கூடாது. சிறுநீர் வழியா சர்க்கரையை வெளியேத்தற வகை மாத்திரையோட கீட்டோ சேர்ந்தா, ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து இருக்கு.

சஷ்டி நோட்டு தனி. அந்த ஆறு நாளும் கார்ப் கணக்கும் வேணாம், எடை மெஷினும் வேணாம். உடம்பு தாங்கற முறையை எடுத்துக்கோங்க. பால் பழமோ, ஒருபொழுதோ, முடியாதவங்க மூணு வேளையும் எளிமையான சைவச் சாப்பாடோ. சாயங்காலம் கோயில்ல கையில விழற பிரசாதத்தை அப்படியே கண்ணுல ஒத்தி வாயில போடுங்க. ஆறு நாள்ல கீட்டோ கலைஞ்சா கலையட்டும், ஏழாம் நாளுக்கு அப்புறம் மறுபடி தொடங்கிக்கலாம். உபவாசம்னா பக்கத்துல இருக்கறதுன்னு அர்த்தம். பசி எடுக்கும்போது நினைப்பு யார் பக்கத்துல போகுதுங்கறது ஒண்ணைத்தான் அந்த நோட்டுல எழுதணும். அதைக்கூட யாருக்கும் காட்ட வேணாம்.

உங்க வீட்லயோ ஹாஸ்டல்லயோ "விரதம்"னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் மெலிஞ்சுக்கிட்டே போனா, கும்பிட்டுட்டு நகர்ந்துடாதீங்க. பக்கத்துல உக்காந்து, "சாப்டியா?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா மறுநாளும் கேளுங்க. அதுவும் முருகனுக்குச் செய்யற தொண்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!