‘யார்’ என்னும் கேள்வி

மேடையிலே நம் தோழர்களை மடக்க, பக்தர்கள் கையில் ஒரு கேள்வி எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது: “முதல் உயிரைப் படைத்தவன் யார்?” உயர்திணையிலே கேட்டுவிட்டு, உயர்திணையிலேயே விடையும் வேண்டும் என்கிறார்கள்! கேள்விக்குள்ளே ஆண்டவனை அமர்த்திவிட்டு, ‘அதோ பார், இருக்கிறான்’ என்பது என்ன வாதம்? ‘எது’, ‘எவ்வாறு’ என்று கேட்கட்டும்; பேசுவோம்.

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஸ்பீகல்மன் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் ஆர்.என்.ஏ. மூலக்கூறைக் குழாயில் இட்டனர். படியெடுக்கும் நொதியும், கட்டுமானப் பொருள்களும் உடனிருந்தன. மூலக்கூறு பல்கிப் பெருகிற்று. அதில் ஒரு சிறு பங்கைப் புதுக் குழாய்க்கு மாற்றினர், அதிலிருந்து அடுத்ததற்கு, இப்படி 74 முறை! விரைந்து பெருகியவையே அடுத்த குழாயை நிறைத்தன. இறுதியில் எஞ்சியது, மூல நீளத்தில் 83 விழுக்காட்டை இழந்திருந்தது. பெருகும் விரைவிலோ மூதாதையை விஞ்சிற்று. அங்கே உயிரணு இல்லை, உள்ளம் இல்லை, ஊழ் இல்லை. படியெடுப்பு, அதிலே பிழை, பிழைகளுக்குள்ளே போட்டி. டார்வின் கண்ட இயற்கைத் தேர்வுக்கு இவ்வளவே போதுமானதாயிற்று. பிரம்மன் எழுதிய எழுத்து அழியாது என்பார்கள். இங்கே எழுத்துப் பிழையன்றோ மாற்றத்துக்கே வழி!

கைதட்டுமுன் நில்லுங்கள், தோழர்களே. அந்த நொதி எங்கிருந்து வந்தது? வைரஸ் தொற்றிய பாக்டீரியாவிலிருந்து. உயிரிடமே வாங்கிய கடன்! நொதியோ புரதம். புரதம் செய்ய ஆர்.என்.ஏ. வேண்டும், ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். முன்னது எது?

1982இல் தாமஸ் செக், ஓரணு உயிரி ஒன்றின் ஆர்.என்.ஏ., புரதத்தின் துணையின்றித் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். ஆர்.என்.ஏ.வே நொதியாகவும் இயங்கும்! சிட்னி ஆல்ட்மனுடன் 1989இல் நோபல் பரிசு பெற்றார். 2009இல் லிங்கனும் ஜாய்சும் இரண்டு ஆர்.என்.ஏ. நொதிகளை ஒன்றையொன்று உருவாக்கச் செய்தனர், புரதமே இல்லை. எனினும், இணைவதற்கான துண்டுகளைத் தந்தது ஆய்வாளர் கை. ஆதிப் புவியிலே அத்தகைய துண்டுகளைச் சேர்த்தது எது என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

ஆகவேதான், “ஆய்வுக்கூடத்தில் உயிரையே படைத்துவிட்டார்கள்!” என்று நம்மவரே முழங்கும்போது நாம் மகிழ்வதில்லை, கூசுகிறோம். தெரியாத இடத்திலே கடவுளை நிறுத்துவது அவர்கள் வழக்கம். அதே பீடத்தில் மூலக்கூறை நிறுத்தி மாலையிடுவது நமக்கு அழகா?

அடுத்த கூட்டத்திலே அந்தக் கேள்வி வரட்டும். 74 குழாய்களின் கதையைச் சொல்வோம். கடன் வாங்கிய நொதியையும் மறைக்காமல் சொல்வோம். “அப்படியானால் உங்களுக்கும் முழுவதும் தெரியாதா?” என்று எதிரே சிரிப்பு எழும். தெரியாது என்போம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்போம்.