பந்தலிலே பொறித்த பெயர்

சைவாசிரியர்காள்!

ஆவணி மாதத்து வெயிலிலே கரவெட்டியினின்றும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்கு ஒருமுறை நடந்து சென்றவர்க்குத் தண்ணீர்ப்பந்தலின் அருமையை யாம் எடுத்துக் கூறவேண்டுவதில்லை. யாழ்ப்பாண நாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. பெருமழை ஐப்பசி கார்த்திகையிலேதான் வரும். அதற்கு முந்திய மாதங்களிலே கிணறுகளின் நீர் கீழிறங்கும். கடலை அடுத்த ஊர்களில் உவர்ப்பும் ஏறும். இந்த வறண்ட மாதங்களிலேயே நம் பெருங்கோயில்கள் சிலவற்றின் மகோற்சவங்கள் வருகின்றன. நல்லூரிலே கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின். சந்நிதியிலே தீர்த்தம் ஆவணிப் பூரணையில். வல்லிபுரத்திலே கடற்றீர்த்தம் புரட்டாதிப் பூரணையில். அடியார்கள் கால்நடையாய் வருங் காலமும் நா வறளுங் காலமும் ஒன்றாயின. தண்ணீர்ப்பந்தற் றருமம் நம்மவரிடத்தே இத்துணை வேரூன்றியதற்கு இஃதொரு காரணம் என்பது எமது கருத்து.

நான்கு கப்பு நாட்டிக் கிடுகு வேய்ந்த பந்தலொன்றின் பின்னே எத்தனை பேர் நிற்கின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நெல்லியடிக் கடைவீதியிலே ஒருவர் சீனி மூட்டை கொடுப்பார். ஒருவர் தேசிக்காய் கொடுப்பார். பசு வைத்திருப்பவர் தயிர் கொடுப்பார். வாகனமுடையவர் அதனை ஏற்றி இறக்குவார். உப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் இடித்து மோரிற் கலப்பவர்கள் அயல் வீட்டுத் தாய்மார். வாளி சுமந்து வார்ப்பவர்கள், பெரும்பாலும், விடுமுறையில் நிற்கும் நம் மாணாக்கர்கள். இவர்களுள் ஒருவரும் கூலி வாங்குவதில்லை.

சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தால் ஆங்கே அன்னதானம். அன்னதானக் கந்தன் என்றே அப்பெருமானுக்கு உலகம் பெயர் வைத்திருக்கின்றது. மூர்த்திக்கு ஆலமிலையிலே அமுது படைக்கும் அத்தலத்திலே, வீதியைச் சூழ்ந்த மடங்களிற் கிடாரங்கள் அடுப்பினின்றும் இறங்கியபடியே இருக்கும். அரிசி மூட்டைகள் குடாநாட்டு வணிகரிடமிருந்தும், பிறநாடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் உறவினரிடமிருந்தும் வருகின்றன. சிவனடியார்க்கு அமுதளித்தலை மாகேசுர பூசையென்று நம் சமயம் பூசையோடு வைத்து எண்ணியது. ஆதலால், இதனை உபகாரம் என்று சொல்லுதலினும் வழிபாடு என்று சொல்லுதலே பொருந்தும்.

இவ்வளவும் நன்றாயின் இப்பிரசங்கம் எதன்பொருட்டு என்று வினவுவீர்கள். யான் செய்த பிழையொன்றைச் சொல்லுதற்பொருட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையிலே, புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னர், வறிய மாணாக்கர்க்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கும் வைபவம் நடந்தது. வணிகர் சிலர் சேர்ந்து அவற்றை நன்கொடையாகத் தந்தார்கள். அவர்கள் நல்லவர்கள், அதிலே ஐயமில்லை. ஒவ்வொரு கொப்பியின் மேலட்டையிலும் அன்பளிப்புச் செய்தோர் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் கொப்பியின்மீது இருக்க, ஒவ்வொருவராய்ப் படம்பிடித்தார்கள். பெயர்ப்பட்டியலை ஒலிபெருக்கியில் வாசித்தவன் யானே. உரக்க வாசித்தேன், தெளிவாகவும் வாசித்தேன்.

தவணை தொடங்கியபின் ஒருநாள் கொப்பிகளைத் திருத்த எடுத்தேன். ஒரு மாணாக்கியின் கொப்பிகளுக்கெல்லாம் பழைய பத்திரிகைத் தாளினால் உறை போடப்பட்டிருந்தது. உறை போடுதல் நல்வழக்கமே என்று மெச்சி, மற்றைப் பிள்ளைகளுக்கு அதனை எடுத்துக் காட்டவும் தொடங்கினேன். அப்பிள்ளை தலை கவிழ்ந்தாள். அவள் முகத்தைக் கண்டபின்னரே, மறைக்கப்பட்டது அழுக்கன்று, அட்டையிலுள்ள பெயர் என்பது எனக்கு விளங்கிற்று. அப்பெயர் யாருக்குப் பெருமை தந்ததோ அவருக்கு ஒரு நாட் பெருமை. இவளுக்கோ ஓராண்டு முழுவதும், பாடந்தோறும், மேசையின்மேல் வறுமைச் சாட்சி.

ஆசிரியர்காள்! பெரியபுராணத்தை நாம் வகுப்புத்தோறும் படிப்பிக்கின்றோம். அப்பூதியடிகள் வரலாற்றிலே பாம்பு தீண்டிய பகுதியை மாணாக்கர் விரும்பிக் கேட்பார்கள். நாமும் அங்கேயே விரைந்து போய்விடுகின்றோம். அதற்கு முன்னுள்ளதைச் சற்று நின்று பாருங்கள். திங்களூரிலே வழிப்போவார்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்தவர் அப்பூதியடிகள். பொருள் அவருடையது, இடம் அவருடையது, உழைப்பும் அவருடையது. பந்தலிலே பொறித்த பெயரோ திருநாவுக்கரசு என்பது. அவ்வடிகள் அதுவரையும் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாலும் கண்டாரல்லர். அவ்வழியே வந்த நாயனார் நிழலும் குளிர்நீரும் கண்டு, எங்கும் எழுதியிருந்த தம் பெயரையும் கண்டு, இதனைச் செய்தார் யாவர் என்று வினவி, அப்பூதியடிகள் மனைக்குச் சென்று, உம்முடைய பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது என்னை என்று கேட்டார். அடிகளுக்கு வந்தது கோபம். சமணத்தை வென்ற அப்பெருந்தகையின் பெயரை வேறொரு பெயர் என்று சொல்லலாமோ என்று வெகுண்டார்.

அந்தக் கோபத்தின் அழகே அழகு. தம் பெயரை எழுதவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்திலே எழுந்து அடக்கப்பட்டதன்று, எழவேயில்லை. அக்கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. இந்தப் பகுதியை மேலோட்டமாய்ப் படிப்பித்த யான், ஒலிபெருக்கியின் முன் நின்றதில் வியப்பென்ன?

ஒரு தடை இங்கே எழும். திருவிழா விஞ்ஞாபனத்திலே உபயகாரர் பெயரைத் தொன்றுதொட்டு அச்சிடுகின்றோமே; அதுவும் குற்றமோ? ஒருவர் பெயரைப் பார்த்தே மற்றொருவர் கொடுக்க முன்வருகின்றார் அன்றோ? இத்தடையிலே நியாயம் உண்டு. உபயகாரர் பெயரை எழுதுதலினால் நாணுவார் ஒருவருமில்லை. இன்ன நாள் இன்னாருடைய பொறுப்பு என்று ஊர் அறிதற்கும் அது பயன்படும். பொதுப்பணம் சேர்த்தவர்கள் இன்னார் இவ்வளவு தந்தார் என்று கணக்கு வெளியிடுதலோ கடமையேயாம். கொடுத்தவர் பெயர் வெளிப்படலாம். வெளிப்படாதிருப்பின் அப்பூதியடிகளுக்கு அணித்தாகும், அவ்வளவே. வாங்கியவர் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்துதற்கு மாத்திரம் எந்த நியாயமும் இல்லை. அது விலை வாங்குதல். கொப்பிக்குப் பணம் வாங்காது மானத்தை வாங்கிக்கொண்டோம்.

இவ்வூரிலே நின்று இதனைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. தருமத்தின் பெயரால் மானத்தை வாங்குதல் நமக்குப் புதிய பழக்கமன்று. நம் பாட்டன்மார் காலத்துப் பந்தல்களிலே எல்லார்க்கும் ஒரே செம்பிலே நீர் வார்க்கப்படவில்லை. சிலர்க்குக் கையிலே வார்த்தார்கள். சிலர்க்கு வேறு பாத்திரம் வைத்தார்கள். தேநீர்க்கடைகளிலும் அவ்வாறே. அதே காலத்திலே, சைவப் பாடசாலைகளின் வாயில்கள் தம் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டிருந்தமை கண்டு, சூரனார் என்னும் பெரியார் வடமராட்சியிலே 1914ஆம் ஆண்டில் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தாபித்தார். சைவத்தைக் கைவிடாது, சைவத்தின் பெயராலேயே வாயில் திறந்தார். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரியாய் விளங்குகின்றது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் தேநீர்க்கடையிலே ஒரே குவளைக்காகவும், கோயிலினுள்ளே புகுதற்காகவும் 1966 முதலாக யாழ்ப்பாணத்திலே போராட்டங்கள் நடக்கவேண்டியிருந்தன. நாம் பேணிய சைவம் அக்குவளையின்முன் தோற்றுநின்றது. அன்று பாத்திரத்தினாற் பிரித்தோம்; இன்று படத்தினாற் பிரிக்கின்றோம். மேடையிலே ஏற்றப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் எவ்வெக் குடிகளிலிருந்து வருகின்றார்கள் என்பதை ஆசிரியர்கள் அறியாதவர்களல்லர்.

இனி, தொண்டரைப்பற்றி. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் திருநாவுக்கரசு நாயனாரும் அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டுப் பெருமான் நாடோறும் ஒவ்வொரு காசு அருளினார். நாயனார் மடத்திலே அமுது வேளையோடு ஆயிற்று. பிள்ளையார் மடத்திலே காலந் தாழ்த்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெற்ற காசைக் கடைக்காரர் வாசி கேட்டுக் குறைத்து மாற்றுகின்றார்கள் என்றும், நாயனார் பெற்ற காசுக்கு வாசியில்லை என்றும் அமுதாக்குவோர் சொன்னார்கள். உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவர் ஆதலால் நாயனார்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது புராணத்தின் கருத்து. பிள்ளையார் பதிகம் பாடிய பின்னரே அவர் காசும் நல்ல காசாயிற்று. மெய் வருத்திய தொண்டு காசின் மதிப்பையே மாற்றும் என்பதனை இதனினும் தெளிவாக எங்ஙனம் சொல்வது? அன்னதானத்திலே எச்சில் இலை எடுக்கும் சிறுவனுடைய பெயர் எந்த விஞ்ஞாபனத்திலும் இல்லை. மூட்டை கொடுத்த வணிகரும் ஒரு பந்தி இலை எடுத்தாராயின் அவர் மூட்டைக்கும் வாசி போய்விடும். சந்நிதியிலே அங்ஙனம் எடுப்பவர்களை யாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் இன்னார் என்று நாம் சொல்லப்போவதில்லை.

வணிகர்க்கு நாயன்மாருள்ளே தம் இனத்தவராகிய அமர்நீதியார் இருக்கின்றார். அவரும் திருநல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அடியார்க்கு அமுதளிக்கவே மடம் அமைத்தார். அவருடைய தருமத்தைப் பெருமான் சோதித்த கருவி துலாக்கோல். பொன்னும் பட்டும் பிறவும் ஏற்றியும் ஒரு கோவணத்துக்கு நிறையொவ்வாது, ஈற்றிலே தாமும் மனைவியாரும் மைந்தரும் ஏறியபின்னரே தட்டு நேர்நின்றது. கடையிலே நாடோறும் கையாளுந் தராசே பரீட்சைப் பொருளாய் வந்தமை சிந்திக்கத்தக்கது. நிறையிலே களவு செய்து ஈட்டியதைப் பந்தலிலே வார்ப்பதற்கு அத்தட்டில் இடமில்லை.

பெருந்துன்பம் வந்த காலங்களிலே நம்மவர் மேடை தேடியதில்லை. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கி வடமராட்சிக் கரையை அழித்தபோது உள்ளூரார் சோறு கொண்டு ஓடினார்கள். 2022இல் அரிசியும் பால்மாவும் விலையேறி வீடுகள் கலங்கியபோதும் பல கடைக்காரர் ஓசையின்றிக் கடன்கொப்பியிற் சில பக்கங்களைக் கிழித்தெறிந்தார்கள். படம் பிடிக்க அப்பொழுது ஒருவருக்கும் நேரமில்லை. விடுமுறையும் விழாவும் வந்து கை ஓய்ந்திருக்கும்போதே இப்புத்தி வருகின்றது.

ஆதலால் யாம் உங்களிடம் கேட்பது சிறிய காரியம். கொடுப்பவர்க்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பவர் ஆசிரியரே. வாயிலைக் காப்பவர் நாமே. கொப்பி தருகின்றோம் என்று வருபவரை வணங்கி ஏற்று, அட்டையிலே பெயர் வேண்டா என்று சொல்லலாம். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமாயின் எல்லார்க்கும் ஒருங்கு கொடுக்கலாம். போதாதாயின், தலைமையாசிரியர் ஒரு துண்டு எழுதித் தாயிடம் கொடுக்க, அத்தாய் பிள்ளையோடு கடைக்குச் சென்று, மற்றையோரைப்போல நின்று, பிள்ளை விரும்பிய நிறத்திற் கொப்பியும் பேனையும் தெரிந்தெடுக்கலாம். கடைக்காரரும் உபகாரியும் பின்னர்க் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். கரவெட்டியிலே இதனை யாம் ஒரு வணிகரிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்து, "அப்படியென்றால் நான் தந்தது ஒருவருக்கும் தெரியாதே" என்றார். தெரியாது என்றேன். பின்னும் சற்று யோசித்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

அவரே வருகின்ற ஆவணிக்கு வழியிலே ஒரு பந்தலும் போடுவதாய்ச் சொல்லியிருக்கின்றார். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று எம்மைக் கேட்டார். திருநாவுக்கரசு தண்ணீர்ப்பந்தல் என்று எழுதும்படி சொன்னோம். ஒரே வகைக் குவளை, வருவார் எல்லார்க்கும். மாணாக்கர் பன்னிருவர் முறைவைத்து வார்க்க இசைந்திருக்கின்றார்கள். இலை பொறுக்கும் முறையிலே ஆசிரியர் இருவரும் உண்டு. கிடுகு பின்னுதற்கு ஓலை தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்